பீகிள்போன் பிளாக்ல பில்ட்ரூட் போட்டேன், "ஸ்டார்டிங் கெர்னல்"னு சொல்லிட்டு அப்படியே நின்னுடுது

புதுப்பலகை:

எல்லாருக்கும் வணக்கம். ஆர்டுயினோ மட்டும் தெரிஞ்ச ஆளு நான், இப்பதான் லினக்ஸ் ஓடற போர்டு பக்கம் வந்திருக்கேன், கேள்வி சின்னப்புள்ளத்தனமா இருந்தா திட்டாதீங்க.

கையில இருக்கறது பீகிள்போன் பிளாக், ரெவ் சி, 512 எம்பி ராம், போர்டுலயே ஒட்டியிருக்கற ஃப்ளாஷ் மெமரி, அதாவது ஈஎம்எம்சி, 4 ஜிபி. ரொம்ப நாளா ஒருத்தர்கிட்ட சும்மா கிடந்தது, எனக்கு கொடுத்தாரு. ஈஎம்எம்சில ஏதோ பழைய டெபியன் இருக்கு, கார்டு இல்லாம ஆன் பண்ணா அது நல்லாவே பூட் ஆகுது. ஆனா எனக்கு அது வேணாம், ரெண்டு சென்சார் படிச்சு ஒரு ஃபைல்ல எழுதற வேலைக்கு அவ்ளோ பெரிய சிஸ்டம் எதுக்கு, சொந்தமா சின்னதா ஒண்ணு கட்டலாம்னு ஆசை.

சொந்தமா லினக்ஸ் சிஸ்டம் கட்டித் தர்ற டூலான பில்ட்ரூட் இறக்கி, பீகிள்போன் டெஃப்கான்ஃபிக் (அந்த போர்டுக்கான ரெடிமேட் செட்டிங்) போட்டு மேக் அடிச்சேன், லேப்டாப் ஃபேன் ஏரோப்ளேன் மாதிரி கத்துச்சு, ஒரு வழியா முடிஞ்சுது, எரர் எதுவும் இல்ல. அப்புறம் ஒரு பழைய ப்ளாக்ல சொன்னபடி எஸ்டி கார்டுல ரெண்டு பார்டிஷன், முதல்ல ஃபேட், ரெண்டாவது எக்ஸ்ட்4. ஃபேட்ல ஸீஇமேஜ் (கெர்னல், அதாவது லினக்ஸோட மையம்), டிடிபி (போர்டுல என்னென்ன எங்க இருக்குன்னு கெர்னலுக்கு சொல்ற டிவைஸ் ட்ரீ ஃபைல்), அந்த ப்ளாக்ல இருந்த யுஎன்வ் ஃபைல் (பூட் செட்டிங்) மூணையும் காப்பி பண்ணேன், ரெண்டாவதுல ரூட் ஃபைல்சிஸ்டத்த பிரிச்சுப் போட்டேன்.

கார்ட சொருகி ஆன் பண்ணா சீரியல் ஒயர் வழியா லேப்டாப் திரைல யு-பூட் (கெர்னல இறக்கி ஓட்டிவிடற புரோகிராம்) வருது, கார்டுலேர்ந்து கெர்னல படிக்குது, "ஸ்டார்டிங் கெர்னல்"னு ஒரு வரி, பக்கத்துல மூணு புள்ளி. அவ்ளோதான். அந்த மூணு புள்ளிய பத்து நிமிஷம் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். வேற கார்டு மாத்தியாச்சு, பாட் ரேட் (சீரியல் வேகம்) மாத்தியாச்சு, கெர்னல மூணு தடவ திரும்ப பில்டு பண்ணியாச்சு. என்ன தப்பு பண்றேன்னே புரியல.

சீரியல்சித்தர்:

வாங்க, இந்த மூணு புள்ளில மாட்டாதவங்க இங்க யாரும் இல்ல.

முதல்ல ஒண்ணு, பாட் ரேட்ட தொடாதீங்க, யு-பூட் எழுத்து ஒழுங்கா தெரியுதுன்னா 115200 சரிதான். அடாப்டர் 3.3 வோல்ட்டுதானேன்னு ஒரு தடவ பாத்துக்கங்க, 5 வோல்ட் சிக்னல் குடுத்தா பின்னு போயிடும். ஜே1னு இருக்கற சீரியல் பின் வரிசைல 1வது பின் கிரவுண்ட், 4 போர்டோட ஆர்எக்ஸ் (வாங்கறது), 5 போர்டோட டிஎக்ஸ் (அனுப்பறது), மூணு ஒயர் போதும், அடாப்டர்ல இருக்கற அந்த சிவப்பு ஒயர அப்படியே தொங்க விடுங்க.

இப்ப விஷயம். "ஸ்டார்டிங் கெர்னல்" யு-பூட் சொல்ற கடைசி வார்த்தை. அதுக்கப்புறம் அமைதின்னா ரெண்டுல ஒண்ணு, கெர்னல் செத்துடுச்சு, இல்ல கெர்னல் உயிரோட பேசிக்கிட்டுதான் இருக்கு ஆனா நம்ம காதுல விழல. ரெண்டும் வேற வேற வியாதி, முதல்ல எதுன்னு தெரியணும். ஈதர்நெட் ஜாக் பக்கத்துல நாலு நீல எல்ஈடி இருக்கும் பாருங்க, அதுல ஒண்ணு லப்-டப் லப்-டப்னு ரெட்டையா அடிச்சா அது ஹார்ட்பீட், கெர்னல் ஓடுதுன்னு அர்த்தம், அப்ப கன்சோல் பேருதான், அதாவது கெர்னல் எந்த போர்ட்ல பேசணும்ங்கற செட்டிங்தான் தப்பு. பழைய ப்ளாக்னு சொல்றீங்க, அதுல கன்சோல் ஈக்வல் டிடிஒய்ஓ0ன்னு இருந்திருக்கும், கடைசில ஓ எழுத்து அப்புறம் சைபர். பழைய ஓமாப் சீரியல் டிரைவர் வெச்ச பேரு அது. இப்ப 8250 டிரைவர்தான், பேரு டிடிஒய்எஸ்0.

எல்ஈடி அடிக்கலன்னா உடனே செத்துடுச்சுன்னு முடிவு கட்டாதீங்க, ஹார்ட்பீட் ட்ரிகர் கெர்னலுக்குள்ளேயே இல்லாம தனி மாட்யூலா இருந்தாலும் அடிக்காது. பவர் குடுத்ததுலேர்ந்து கடைசி வரைக்கும் வந்த லாக்க முழுசா போடுங்க. நடுவுலேர்ந்து வெட்டிப் போடாதீங்க, மேல இருக்கற வரிதான் முக்கியம்.

எதுக்குவம்பு:

பாஸ் நேரா கேக்கறேன், எதுக்கு இவ்ளோ கஷ்டம். ரெடிமேட் டெபியன் இமேஜ் இருக்கு, கார்டுல எழுது, சொருகு, ஆப்ட் இன்ஸ்டால் பண்ணு, வேலைய பாரு. நானும் ஒரு காலத்துல யோக்டோன்னு ஒரு லினக்ஸ் கட்டற டூல கத்துக்கறேன்னு ஆரம்பிச்சு ஹார்டு டிஸ்க் நிரம்பினதுதான் மிச்சம், ஒரு லைப்ரரி வெர்ஷன் மாத்த நாலு ரெசிபி ஃபைல் எழுதணும், அதுல ஒரு ஸ்பேஸ் தப்பா போனா மறுபடி முதல்லேர்ந்து பார்ஸ் பண்ணும். சென்சார் படிக்க இதெல்லாம் தேவையா.

சீரியல்சித்தர்:

அவரு யோக்டோ போடல, பில்ட்ரூட் போட்டிருக்காரு, ரெண்டும் ஒண்ணு இல்ல. அவருக்கு சொந்தமா கட்டணும்னு ஆசை, கட்டட்டுமே.

புதுப்பலகை:

நன்றி அண்ணா. நீல எல்ஈடி நாலும் முதல்ல ஒரு தடவ எரிஞ்சுது, ஸ்டார்டிங் கெர்னலுக்கு அப்புறம் எதுவும் அடிக்கல, அப்படியே நின்னுடுது. யுஎன்வ் ஃபைல்ல நீங்க சொன்ன மாதிரியே டிடிஒய்ஓ0தான் இருந்துச்சு, அத டிடிஒய்எஸ்0 ஆக்கினேன், ஒரு மாற்றமும் இல்ல.

லாக்க அப்படியே ஒட்ட வரல, கையால தட்டறேன். முதல் வரி யு-பூட் எஸ்பிஎல் 2014.04. அப்புறம் யு-பூட் 2014.04, டிராம் 512 எம்ஐபி, எம்எம்சி ரெண்டு, 0வும் 1ம். அப்புறம் யுஎன்வ் ஃபைல் படிக்குது, ஸீஇமேஜ் படிக்குது, டிடிபி படிக்குது, 24 ஆயிரத்து சொச்சம் பைட்னு காட்டுது, அப்புறம் நம்ம மூணு புள்ளி.

மூணாவதுபின்:

முதல் வரிலேயே விடை இருக்கே தம்பி! நீங்க பில்ட்ரூட் கட்டினது இப்ப. அது 2014ல வந்த யு-பூட்ட எதுக்கு கட்டப்போகுது? நீங்க பாக்கற யு-பூட் உங்களோடது இல்ல, ஈஎம்எம்சில தூங்கிக்கிட்டிருந்த பழைய டெபியனோடது. கார்ட சொருகினா கார்டுலேர்ந்துதான் பூட் ஆகும்னு நினைச்சிட்டீங்க, இந்த போர்டு அப்படி வேலை செய்யறதில்ல.

கொஞ்சம் விளக்கமா சொல்றேன், இது ஒரு தடவ மண்டைல ஏறிட்டா அப்புறம் எந்த போர்டு வந்தாலும் பயம் இருக்காது. பவர் வந்ததும் ஏஎம்3358 சிப்புக்குள்ள, ஃபேக்டரிலயே எழுதி வெச்ச ராம் கோடு ஓடும். (இது ஆர் ஓ எம் ராம், நம்ம ஆர் ஏ எம் ராம் இல்ல, தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணாயிடுது, அதனால இனிமே போர்டுல இருக்கற 512 எம்பிய டிராம்னே சொல்றேன்.) அந்த நேரத்துல டிராம் இன்னும் எழுந்திருக்கவே இல்ல, அதோட டைமிங் என்ன ஏதுன்னு சிப்புக்கு தெரியாது. அதுகிட்ட இருக்கறது உள்ளேயே இருக்கற சின்ன எஸ்ராம் 128 கேபி, அதுலயும் வெளிலேர்ந்து இறக்கற புரோகிராமுக்கு கிடைக்கறது 109 கேபிதான். முழு யு-பூட் அதுக்குள்ள அடங்காது. அதனாலதான் எம்எல்ஓன்னு ஒரு குட்டி ஃபைல், அதுதான் எஸ்பிஎல். அதோட முக்கிய வேலை டிராம எழுப்பறது, எழுப்பினதும் பெரிய யு-பூட்ட அங்க இறக்கிட்டு ஒதுங்கிடும். யு-பூட் வந்து கெர்னலையும் டிடிபியையும் இறக்கும், கெர்னல் வந்து ரூட் ஃபைல்சிஸ்டத்த மவுன்ட் பண்ணும்.

இப்ப எம்எல்ஓவ எங்க தேடறதுன்னு ஒரு வரிசை இருக்கு. சாதாரணமா ஆன் பண்ணா முதல்ல ஈஎம்எம்சி, அப்புறம் எஸ்டி கார்டு, அப்புறம் சீரியல், அப்புறம் யுஎஸ்பி. ஈஎம்எம்சில நல்லா ஓடற எம்எல்ஓ இருக்கும்போது அது கார்டு பக்கம் திரும்பியே பாக்காது. பழைய யு-பூட் வந்த பிறகுதான் அது, அட கார்டுல ஒரு யுஎன்வ் இருக்கேன்னு அத படிச்சு உங்க கெர்னல இறக்குது. சொல்லப்போனா உங்க கார்டுல எம்எல்ஓவே இல்ல, நீங்க காப்பி பண்ண மூணு ஃபைல்ல அது கிடையாதே, இருந்தும் இவ்ளோ தூரம் வந்திருக்குன்னா யார் புண்ணியம்னு பாருங்க.

இன்னொண்ணு, டிடிபி 24 ஆயிரம் பைட்னு சொல்றீங்க. அவுட்புட் ஃபோல்டர்ல நீங்க கட்டின டிடிபி எவ்ளோ சைஸ்னு பாருங்க, அதவிட நல்லா பெருசா இருக்கும்னு நினைக்கறேன். அப்ப உங்க கார்டுல இருக்கற டிடிபிய விட்டுட்டு ஈஎம்எம்சில இருக்கற பழசையே எடுத்திருக்கு, புது கெர்னல் கையில பழைய டிவைஸ் ட்ரீ. வீடு மாறிப் போனவனுக்கு பழைய வீட்டு வரைபடத்த குடுத்த மாதிரி, சுவத்துல முட்டி விழுந்துடுச்சு, சீரியல் போர்ட் எங்க இருக்குன்னே தெரியாம செத்ததால கத்தக்கூட முடியல.

செய்ய வேண்டியது: கையால பார்டிஷன் போடறத விட்டுட்டு, பில்ட்ரூட்டே இமேஜஸ் ஃபோல்டர்ல எஸ்டிகார்டு டாட் ஐஎம்ஜின்னு ஒரு முழு கார்டு இமேஜ் கட்டி வெச்சிருக்கும், அத டிடி கமாண்டால கார்டுல எழுதுங்க. அப்புறம் எஸ்2 பட்டன், கார்டு ஸ்லாட்டுக்கு நேர் மேல இருக்கும், அத அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே பவர் குடுங்க, எல்ஈடி எரிஞ்சதும் விடுங்க. அப்ப வரிசை மாறிடும், எஸ்பிஐ, எஸ்டி கார்டு, யுஎஸ்பி, சீரியல், ஈஎம்எம்சி லிஸ்ட்லயே இல்ல. கவனம், ரீசெட் பட்டன தட்டினா போதாது. பவர் வர்ற அந்த நொடிலதான் சிப் எஸ்2வ பாக்கும், ஒயர பிடுங்கி சொருகணும். இது தெரியாம ரீசெட்டையும் எஸ்2வையும் மாத்தி மாத்தி அமுக்கி ஒரு முழு ராத்திரிய தொலைச்சவ நான்.

புதுப்பலகை:

அக்கா நீங்க சொன்னது நூத்துக்கு நூறு, என்னோட டிடிபி 60 ஆயிரத்துக்கும் மேல இருக்கு!! அப்ப மூணு தடவ கெர்னல பில்டு பண்ணதெல்லாம் வீணா.

ஆனா இப்ப இன்னும் மோசமாயிடுச்சு. இமேஜ எழுதிட்டு எஸ்2வ அமுக்கி ஆன் பண்ணா யு-பூட்டே வரல, திரைல வெறும் சி எழுத்து மட்டும் வருது, சிசிசிசிசின்னு ஒவ்வொண்ணா வந்துக்கிட்டே இருக்கு. போர்டு போயிடுச்சா?

சீரியல்சித்தர்:

போகல போகல, அது ராம் கோடோட குரல். கார்டுல ஒண்ணும் கிடைக்கல, யுஎஸ்பிலயும் கிடைக்கல, கடைசியா சீரியல்ல வந்து நின்னு, யாராவது எக்ஸ்மோடம்ங்கற சீரியல் முறைல ஒரு புரோகிராம் அனுப்புங்கப்பான்னு கேக்குது, அதுதான் அந்த சி. சொல்லப்போனா நல்ல செய்தி, சிப் உயிரோட இருக்கு, எஸ்2 வேலை செய்யுது, உங்க ஒயரிங் சரி. கார்டு மட்டும்தான் தப்பு.

டிடி கமாண்ட்ல ஓஎஃப்னு, அதாவது எங்க எழுதணும்னு, என்ன குடுத்தீங்க? எஸ்டிபியா, எஸ்டிபி1ஆ?

புதுப்பலகை:

எஸ்டிபி1. கார்ட சொருகினா அந்த பேருலதான மவுன்ட் ஆகுது?

சீரியல்சித்தர்:

அதேதான். எஸ்டிபி1னா முதல் பார்டிஷன், எஸ்டிபின்னா முழு கார்டு. அந்த இமேஜுக்குள்ளேயே பார்டிஷன் டேபிள் இருக்கு, நீங்க ஒரு பார்டிஷனுக்குள்ள இன்னொரு முழு கார்ட திணிச்சிருக்கீங்க. ராம் கோடு போய் பாத்தா ஃபேட் இருக்க வேண்டிய இடத்துல வேற ஏதோ இருக்கு, திரும்பி வந்துடுச்சு.

மறுபடி எழுதறதுக்கு முன்னாடி எல்எஸ்பிஎல்கே போட்டு சைஸ பாத்து எது கார்டு எது உங்க லேப்டாப் டிஸ்க்குனு ரெண்டு தடவ உறுதி பண்ணிக்கங்க, கார்ட பிடுங்கிட்டு ஒரு தடவ, சொருகிட்டு ஒரு தடவ பாருங்க, புதுசா எது முளைக்குதோ அதுதான். மவுன்ட் ஆகியிருக்கற பார்டிஷன எல்லாம் அன்மவுன்ட் பண்ணிட்டு, பிளாக் சைஸ் 4எம், கான்வ் ஈக்வல் எஃப்சிங்க் சேத்துக்கங்க, இல்லன்னா கமாண்ட் முடிஞ்ச மாதிரி தெரியும், டேட்டா பாதி இன்னும் மெமரிலேயே இருக்கும், நீங்க கார்ட பிடுங்கிடுவீங்க. டிடிய டிஸ்க் டெஸ்ட்ராயர்னு சும்மாவா சொல்றாங்க.

எதுக்குவம்பு:

எஸ்டிஏன்னு லேப்டாப் டிஸ்க்கையே குடுத்து காலேஜ் ப்ராஜெக்ட் மொத்தத்தையும் அழிச்ச கூட்டம் இங்க கைய தூக்குங்க. நான் முதல் ஆளு.

புதுப்பலகை:

வந்துடுச்சு! யு-பூட் எஸ்பிஎல் புது தேதியோட வருது, கெர்னல் மெசேஜ் மழையா கொட்டுது, பாத்ததும் கத்திட்டேன், வீட்ல என்ன ஆச்சுன்னு ஓடி வந்தாங்க.

ஆனா இது என்ன கூத்துன்னு தெரியல. கடைசில டெபியன்னு பேரு வருது, ஏதேதோ சர்வீஸ் ஸ்டார்ட் ஆகுது, நிறைய ஃபெயில்டு, லாகின் ப்ராம்ப்ட் வரவே இல்ல. நான் பில்டு பண்ணதுல டெபியனே கிடையாதே. புது இமேஜ எழுதின பிறகு என்னோட பழைய யுஎன்வ் ஃபைல மறுபடி ஃபேட்ல போட்டேன், அதுல சில செட்டிங் இருந்துச்சு, டிடிபி எடுக்கற இடத்த மட்டும் கார்டுக்கு மாத்தினேன், அது ஒரு காரணமா இருக்குமா?

மூணாவதுபின்:

அதேதான் காரணம், அந்த ப்ளாக் உங்கள விடமாட்டேங்குது. அதுல ரூட் ஈக்வல் எம்எம்சிபிஎல்கே1பி2ன்னு இருக்கும் பாருங்க, அதாவது ரூட் ஃபைல்சிஸ்டம் எம்எம்சிபிஎல்கே1ங்கற டிவைஸோட 2வது பார்டிஷன்ல இருக்குன்னு. போன தடவ உங்க கெர்னல எழுப்பினது ஈஎம்எம்சியோட யு-பூட். இந்த தடவ யு-பூட்டும் கெர்னலும் உங்களோடது, ஆனா போய் குடியேறினது ஈஎம்எம்சியோட பழைய டெபியன் வீட்ல. எம்எம்சிபிஎல்கே1 உங்க கெர்னலுக்கு ஈஎம்எம்சி, அந்த ப்ளாக் எழுதினவரோட கெர்னலுக்கு அது கார்டா இருந்திருக்கும். இந்த 0, 1 நம்பர் கெர்னலுக்கு கெர்னல் மாறியிருக்கு, அத நம்பாதீங்க.

லாகின் ஏன் வரலன்னா, முதல்ல சித்தர் சொன்னாரே ஓ எழுத்து, அதே கதைதான் வேற இடத்துல. கெர்னல் கன்சோலுக்கு பழைய பேர குடுத்தாக்கூட 8250 ஓமாப் டிரைவர்ல ஒரு சமாளிப்பு இருக்கு, ஓவ எஸ்ஸா மாத்திக்கிட்டு ஒரு எச்சரிக்கை போட்டுட்டு போயிடும். ஆனா லாகின் குடுக்கற கெட்டிங்கற புரோகிராம் அப்படி இல்ல, பழைய டெபியன் கெட்டிய டிடிஒய்ஓ0ல உக்கார சொல்லியிருப்பாங்க, புது கெர்னல்ல அந்த பேருல ஃபைலே இல்ல, கெட்டி வந்து தேடிப் பாத்துட்டு செத்துடும், திரும்ப எழுந்து வந்து தேடும். அதனாலதான் பூட் மெசேஜ் எல்லாம் தெரியும், லாகின் மட்டும் வராது. உங்க பில்ட்ரூட்லயும் என்னைக்காவது இப்படி ஆச்சுன்னா இனிட்டேப் ஃபைல்ல கெட்டிய எங்க உக்கார வைக்கணும்னு சொல்ற அந்த வரிய பாருங்க.

சரி பண்ண சுலபமான வழி, உங்க பழைய யுஎன்வ தூக்கிப் போட்டுட்டு பில்ட்ரூட் குடுத்ததையே வெச்சுக்கங்க. நிரந்தரமா வேணும்னா ரூட்ட பார்ட்யுயுஐடியால (பார்டிஷனோட அடையாள எண்) குறிப்பிடுங்க, லேப்டாப்ல பிஎல்கேஐடி போட்டா காட்டும், எம்பிஆர் (பழைய மாதிரி பார்டிஷன் டேபிள்) கார்டுன்னா எட்டு எழுத்து, ஒரு கோடு, 02ன்னு சின்னதா இருக்கும். பக்கத்துல நீளமா யுயுஐடின்னு இன்னொண்ணு இருக்கும், அத எடுத்துப் போட்டுடாதீங்க, அது ஃபைல்சிஸ்டத்துக்குள்ள எழுதியிருக்கற எண், இனிட்ராம்எஃப்எஸ் (பூட் ஆகும்போது தற்காலிகமா வர்ற குட்டி ஃபைல்சிஸ்டம்) இல்லாத கெர்னலுக்கு அது புரியாது. கூடவே ரூட்வெயிட் இருக்கான்னு பாருங்க, கார்டு எழுந்து வர்றதுக்குள்ள கெர்னல் அவசரப்பட்டு பேனிக் ஆகாம இருக்கும்.

எஸ்2வ ஒவ்வொரு தடவையும் அமுக்க சலிப்பா இருந்தா, ஈஎம்எம்சில இருக்கற டெபியன் இனி வேணவே வேணாம்னா மட்டும், உங்க பில்ட்ரூட்லேர்ந்து ஈஎம்எம்சியோட முதல் 10 எம்பில சைபர் எழுதிடுங்க. எம்எல்ஓ போயிடும், அப்புறம் ராம் கோடு தானா கார்டுக்கு வந்துடும். அதுக்கு முன்னாடி எது ஈஎம்எம்சின்னு பாத்துக்கங்க, ஈஎம்எம்சிக்கு மட்டும் கூடவே பூட்0, பூட்1னு ரெண்டு குட்டி டிவைஸ் தெரியும், கார்டுக்கு தெரியாது.

புதுப்பலகை:

அக்கா லாகின் வந்துடுச்சு, வெல்கம் டு பில்ட்ரூட்! ரூட்னு அடிச்சேன், பாஸ்வேர்டு கூட கேக்கல. யுஎன்வ மாத்தினதோட சரி, ஈஎம்எம்சிய இன்னும் தொடல, பயமா இருக்கு.

கடைசியா ஒரே ஒரு கேள்வி, தொல்லைக்கு மன்னிக்கவும். என்னோட சென்சார் புரோகிராம லேப்டாப்ல கிராஸ் கம்பைல் பண்ணி (போர்டோட சிப்புக்கு ஏத்த மாதிரி கட்டி) காப்பி பண்ணேன். எல்எஸ் போட்டா ஃபைல் கண்ணு முன்னாடி இருக்கு, எக்ஸிக்யூட் பர்மிஷன் இருக்கு, ஓட்டினா நாட் ஃபவுண்ட்னு சொல்லுது. இருக்கற ஃபைல இல்லேன்னு சொன்னா நான் என்ன பண்றது. ஸ்டேட்டிக்னு போட்டு, லைப்ரரிய எல்லாம் உள்ளேயே சேத்து கம்பைல் பண்ணா மட்டும் ஓடுது. கம்பைலர் லேப்டாப்ல இன்ஸ்டால் பண்ணது, ஆர்ம் லினக்ஸ் க்னுஈஏபிஐ ஜிசிசி.

சாலிடர்புகை:

இதுக்கு நான் பதில் சொல்றேன், இதுவரைக்கும் ஓரமா உக்காந்து படிச்சுக்கிட்டு இருந்தேன்.

நாட் ஃபவுண்ட்னு சொல்றது உங்க புரோகிராம இல்ல, உங்க புரோகிராம் கூப்பிடற ஆள. டைனமிக்கா லிங்க் பண்ண ஒவ்வொரு புரோகிராமுக்குள்ளயும், என்ன ஓட்டறதுக்கு முன்னாடி இந்த லோடர கூப்பிடுன்னு ஒரு பாத் எழுதியிருக்கும். லேப்டாப்ல ஃபைல் கமாண்ட் போட்டு பாருங்க, இன்டர்ப்ரெட்டர்னு ஒரு இடத்துல லிப் ஃபோல்டர்ல எல்டி-லினக்ஸ் டாட் எஸ்ஓ டாட் 3ன்னு வரும். இப்ப போர்டுல லிப் ஃபோல்டர எல்எஸ் போடுங்க, அங்க இருக்கறது எல்டி-லினக்ஸ்-ஆர்ம்எச்எஃப் டாட் எஸ்ஓ டாட் 3. நடுவுல அந்த எச்எஃப் இல்லாததுதான் பிரச்சினை. எச்எஃப்னா ஹார்டு ஃப்ளோட், தசம எண்கள ஃப்ளோட்டிங் பாயின்ட் ரெஜிஸ்டர்லயே ஃபங்ஷனுக்கு அனுப்பற முறை. உங்க கம்பைலர் பேருக்கு கடைசில எச்எஃப் இல்ல, அது பழைய முறை, ரெண்டும் ஒட்டாது. ஸ்டேட்டிக்னா லோடர் தேவையில்ல, அதான் ஓடுது.

சரி எச்எஃப் இருக்கற கம்பைலர இன்ஸ்டால் பண்ணிக்கறேன்னு கிளம்பிடாதீங்க, அடுத்த குழி அங்கதான் இருக்கு. லேப்டாப் டிஸ்ட்ரோவோட ஜிலிப்சி (புரோகிராம் எல்லாம் நம்பியிருக்கற அடிப்படை சி லைப்ரரி) போர்டுல இருக்கறத விட புதுசா இருந்தா, ஜிலிப்சி 2.34 வேணும், கிடைக்கலன்னு ஒரு எரர் வரும். 2021ல வந்த அந்த வெர்ஷன்ல தனியா இருந்த பிதிரெட் லைப்ரரிய எல்லாம் லிப்சிக்குள்ளயே சேத்துட்டாங்க, புரோகிராம் ஆரம்பிக்கற ஃபங்ஷனுக்கே புது வெர்ஷன் நம்பர் குடுத்துட்டாங்க, அதனால ஹலோ வேர்ல்டு கூட பழைய போர்டுல ஓடாம அடம்பிடிக்கும். உபுன்டு 22.04ல இருக்கறது 2.35, டெபியன் 11ல 2.31, அங்க கட்டி இங்க ஓட்ட முடியாம தலைய பிச்சுக்கிட்டவங்க நிறைய பேரு.

உங்களுக்கு இது எதுவும் தேவையில்ல, பில்ட்ரூட் தனக்குன்னு ஒரு கம்பைலர ஏற்கனவே கட்டி வெச்சிருக்கு, அவுட்புட்டுக்குள்ள ஹோஸ்ட், அதுக்குள்ள பின், அங்க ஆர்ம்-பில்ட்ரூட்-லினக்ஸ்னு ஆரம்பிக்கற ஜிசிசி இருக்கும். போர்டுல இருக்கற லைப்ரரியும் அந்த கம்பைலரும் ஒரே வயித்துல பொறந்தது, சண்டை வராது. அதால கம்பைல் பண்ணுங்க.

அப்புறம் வொய்ஃபை டாங்கிள் ஏதாவது போடற எண்ணம் இருந்தா யுஎஸ்பி ஒயர்லேர்ந்து பவர் எடுக்காதீங்க, அதுல 500 மில்லி ஆம்ப்தான், பாதில திடீர்னு ரீபூட் ஆகும், நீங்க கெர்னல சந்தேகப்படுவீங்க. பக்கத்துல இருக்கற வட்ட ஜாக்ல 5 வோல்ட் குடுங்க.

புதுப்பலகை:

ஓடிடுச்சு. அந்த கம்பைலர் என் மெஷின்லயே இத்தன நாளா இருந்திருக்கு, நான் வெளில தேடிக்கிட்டு இருந்தேன்.

சென்சார் ஒயர் இன்னும் மாட்டல, அதுக்கு முன்னாடி எல்ஈடிய எரிய வெச்சு பாத்தேன். சிஸ், கிளாஸ், எல்ஈடிஸ் ஃபோல்டர்ல நாலும் இருக்கு, ட்ரிகர்ல நன்-னு எழுதிட்டு ப்ரைட்னெஸ்ல 1 எழுதினா எரியுது, 0 எழுதினா அணையுது. ஒரு சந்தேகம், ஃபைல் பேர்ல பீகிள்போன் க்ரீன்னு இருக்கு, எரியறது நீலமா இருக்கு. நான் மறுபடி வேற யாரோட டிவைஸ் ட்ரீயையாவது லோட் பண்ணிட்டேனா?

மூணாவதுபின்:

இல்ல தம்பி, அது உங்களோடதுதான். டிவைஸ் ட்ரீல எல்லாருக்கும் க்ரீன்னுதான் எழுதியிருக்கு, போர்டுல நீலம். அத அப்படியே விட்டுடுங்க.